வெள்ளைக் கல்லின் மேல் வைத்த சர்க்கார் பங்கு

மலையின் பாதி உயரத்தில் நின்று பார்த்தால் என் அக்காவின் நிலம் ஒரு தீவு போலத் தெரியும். அதைச் சுற்றி இருந்தது தண்ணீர் அல்ல, சர்க்கார் காடு. காட்டை ரிசர்வ் ஆக்கி எல்லை அளந்தபோது, அதற்கு முன்பே பட்டா வாங்கியிருந்த நிலங்களை அளந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் ஆம்பூருக்குத் தெற்கே அந்த அடிவாரம் முழுவதும் ஒட்டுப்போட்ட கம்பளி மாதிரி ஆகிவிட்டது. இங்கே ஒரு துண்டு கேழ்வரகு, அதைச் சுற்றிக் காடு, காட்டுக்குள் இன்னொரு துண்டு வேர்க்கடலை, மறுபடியும் காடு.

எது யாருடையது என்று காட்டுவதற்கு எல்லை நெடுகக் கற்களைக் குவித்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஒரு கற்குவியலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் புதரை வெட்டித் தரையைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். ஊரார் அதை 'லைன்' என்றார்கள். பனிக்காலத்து விடியலில் லைன் தெரியாது, வெள்ளைக் கற்கள் மட்டும் தெரியும். அவை தரையில் இல்லாமல் பனியின் மேல் மிதப்பது போலிருக்கும். வேலூரில் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு நிருபராக இருந்த எனக்கு, வாரமெல்லாம் கோர்ட்டும் முனிசிபாலிட்டியும் தோல் விலையும் எழுதிக் கண் காய்ந்து போயிருக்கும். சனிக்கிழமை காட்பாடியில் ரயிலேறி ஆம்பூரில் இறங்கி, அங்கிருந்து நடந்து அக்கா வீட்டுக்குப் போவேன். பாலாற்றங்கரையில் ஊறும் தோலின் வாசனை மூக்கைவிட்டுப் போகிற இடத்தில் மலை தொடங்கும்.

சட்டம் சிக்கலானதல்ல. லைனுக்கு இந்தப் பக்கம், தன் பயிரை மேய வரும் மிருகத்தைப் பட்டாதாரர் லைசென்ஸ் உள்ள துப்பாக்கியால் சுடலாம். லைனுக்கு அந்தப் பக்கம், வேட்டை பர்மிட் இல்லாதவன் ஒரு காட்டுக்கோழியைக்கூடத் தொடக் கூடாது. பர்மிட் வாங்கி வரும் துரைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. பெட்டையைச் சுடக் கூடாது, கொம்பில் இன்னும் தோல் உரியாத கிடாவைச் சுடக் கூடாது. இவை எதுவும் கடமானுக்குத் தெரியாது. எருமைக் கன்று உயரமுள்ள அந்த மான் இரவெல்லாம் பட்டாவில் மேய்ந்துவிட்டு, கிழக்கு வெளுக்கும்போது ரிசர்வுக்குத் திரும்பிப் போகும். ஒரே மிருகம் இரவில் பயிர்த் திருடனாகவும் பகலில் சர்க்கார் சொத்தாகவும் இருந்தது.

ஊரிலிருந்து நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை கொஞ்ச தூரம் ரிசர்வுக்குள் போயிற்று. வெடிக்கத் தயாரான துப்பாக்கியோடு அந்தப் பாதையில் போகக் கூடாது என்று ஒரு விதி. மாமா, அதாவது என் அக்காவின் கணவர், விதியை மீற விரும்பாதவர். தன் நாட்டுத் துப்பாக்கியை, வாய் கீழே பார்க்க, கோணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொள்வார். அதை வெடிக்கச் செய்யும் கேப்பு என்கிற சின்னச் செம்பு மூடிகள் அக்காவின் சுருக்குப் பையில் வெற்றிலை பாக்கோடு கிடக்கும். துப்பாக்கியும் கேப்பும் ஒரே ஆளிடம் இருந்தால்தானே குற்றம்? எனவே மாமா முன்னே போவார், அக்கா ஒரு கூப்பிடு தூரம் விட்டுப் பின்னே வருவாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க மாமா கூட சேந்து நடந்ததே இல்லடா," என்று என்னிடம் சொன்னாள். "எனக்கும் அவருக்கும் நடுவுல சட்டம் நடக்குது."

"அது நடக்கட்டும், நீ வேகமா நட," என்று முன்னாலிருந்து மாமாவின் குரல் வரும்.

அந்தத் துப்பாக்கி இல்லாவிட்டால் நிலம் இல்லை. இதில் மிகை எதுவும் கிடையாது. பக்கத்துத் தீவில் ஒருவர் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார். ரிசர்வுக்குள் முயல் சுட்டதாக அவருடைய லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். ஒரு மகசூலைப் பன்றி தோண்டித் தின்றது. அடுத்ததைக் கடமான் மிதித்தது. மூன்றாவதை அவர் விதைக்கவே இல்லை. நான் பார்த்தபோது ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கின் சுண்ணாம்புக் குழியில் முழங்கால்வரை நின்று தோல் புரட்டிக்கொண்டிருந்தார். அவருடைய நிலத்தில் முள் முளைத்து, ரிசர்வ் எது, பட்டா எது என்று வெள்ளைக் கல்லைத் தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள்.

மாமாவின் சிநேகிதர் ஒருவர் ஆம்பூரில் ஆவாரம் பட்டை மண்டி வைத்திருந்தார். தோல் பதப்படுத்த அந்தப் பட்டைதான் வேண்டும். ரிசர்வில் பட்டை உரிக்க வருஷா வருஷம் பர்மிட் எடுத்து, வண்டி வண்டியாக இறக்கித் தோல் கிடங்குகளுக்கு விற்பார். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டோம். அவரும் மாமாவும் ஒருவரை ஒருவர் 'தோஸ்த்' என்று சொல்லிக்கொள்வார்கள். இருவரும் சேர்ந்தால் வேட்டைப் பேச்சு. மாமா சுடுவார், பாய் ஓடுவார். பாய் ஓடுவதற்குக் காரணம் இருந்தது. சுடப்பட்ட மிருகம் சாவதற்குள் போய், பிஸ்மில்லா சொல்லிக் கழுத்தை அறுத்தால்தான் அந்தக் கறி அவர் வீட்டில் ஆகும். செத்த பிறகு அறுத்தால் ஹராம், தொடக் கூடாது. எடை கூடிய மனிதர்தான், ஆனால் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பங்கு பிரிப்பதற்கும் அங்கே ஒரு முறை இருந்தது. சுட்டவனுக்குத் தலையும் தோலும். முதலில் கத்தி வைத்தவனுக்குக் கழுத்துக் கறி. மிருகம் விழுந்த மண் யாருடையதோ அவனுக்கு ஒரு பின்தொடை. மண்ணுக்காரன் வேட்டைக்கு வராமல் வீட்டில் படுத்திருந்தாலும், ஊரிலேயே இல்லாவிட்டாலும், பேச்சுவார்த்தை இல்லாத பகையாளியானாலும் தொடை அவன் வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். மீதி எல்லோருக்கும் சமம். மாமா இதில் மிகவும் கறாராக இருந்தார். ஒரு முறை பக்கத்துத் தீவுக்காரருக்குத் தொடையைக் கொடுக்க ஆம்பூர் வரைக்கும் நடந்தார்.

அந்தக் கார்த்திகை முடிகிற சமயம், கேழ்வரகுக் கதிர் கனத்துத் தலை சாய்ந்திருந்தது. ஒரு கடமான் தினமும் வந்துகொண்டிருந்தது. பாய் வீட்டில் மூத்த பெண்ணுக்கு நிக்காஹ். விருந்துக்குக் கறி வேண்டி அவரும் வந்திருந்தார். விடியலில் நாங்கள் வயலோரக் காவல் பரணில் இருந்தோம். பனி கேழ்வரகுக்கு மேல் ஒரு துணி விரித்த மாதிரி தட்டையாகக் கிடந்தது. முதலில் கொம்பு மட்டும் தெரிந்தது. இலை இல்லாத இரண்டு கிளைகள் பனியின் மேல் தாமாக நகர்ந்து வருவது போல இருந்தது. பிறகு காது. பிறகு கழுத்தின் பிடரி மயிர். கதிரைக் கடிக்கும் சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. அது எங்களைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பொருட்படுத்தவில்லை.

மாமா சுட்டார். புகை பனியோடு கலந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று. புகை விலகியபோது மான் வயலில் இல்லை. வெள்ளைக் கல்லைத் தாண்டி, லைனைத் தாண்டி, முதல் மரத்தடியில் முன்னங்கால்களை மடக்கிச் சரிந்துகொண்டிருந்தது.

பாய் அதற்குள் பாதி தூரம் ஓடிவிட்டார். ஒரு செருப்பு வயலில் கழன்றது, இன்னொன்று லைனில். கையில் கத்தி, தலையில் வெள்ளைத் தொப்பி. மாமா துப்பாக்கியைப் பரணில் சாத்திவிட்டு இறங்கினார். அவர் வந்து சேர்வதற்கு முன்பே நான் வெள்ளைக் கல்வரைக்கும் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது பாயின் முதுகும் தொப்பியும்தான். அவர் மானின் தலையை மேற்கே திருப்பியதைப் பார்த்தேன். உதடு அசைந்திருக்கும், கேட்கவில்லை. மரத்தில் ஏதோ ஒரு பறவை அந்த நேரத்தில் கூவ ஆரம்பித்தது.

வயலுக்கு இழுத்து வந்து, உரித்து, பங்கு போட்டார்கள். கடைசியில் மாமா ஒரு பின்தொடையை எடுத்து மந்தாரை இலையில் சுற்றிக் கட்டினார்.

"அது யாருக்கு தோஸ்த்?" என்றார் பாய்.

"விழுந்த மண்ணுக்கு."

"விழுந்த மண்ணு சர்க்காரோடது."

"அதான், சர்க்காருக்கு."

பாய் கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "சர்க்கார் வந்து இன்னா, பிரியாணி செய்யப்போவுதா?"

"செய்யுதோ செய்யலியோ, அவங்க பங்கு அவங்களுது. நம்ம நெலத்துல சர்க்கார் மானு வந்து தின்னா வரி கம்மி பண்றாங்களா? இல்ல. அதுக்காவ நாம அவங்க பங்க தின்ன முடியுமா?"

"போ, கல்லு மேல வச்சிட்டு வா. காக்காய்க்கு இன்னிக்கி நிக்காஹ்," என்றார் பாய்.

மாமா போய் அந்தப் பொட்டலத்தை வெள்ளைக் கல்லின் மேல் வைத்தார். சுண்ணாம்பில் ரத்தம் படாமல் இருக்க இன்னொரு இலையைக் கீழே விரித்தார். காக்கை கொத்தாமலிருக்க மேலே ஒரு கல்லையும் ஏற்றினார். லைன் வழியே காவல் சுற்றும் கார்டு மதியத்துக்குள் வருவார், எடுத்துக்கொள்வார் என்பது அவருடைய கணக்கு. கார்டு எங்களுக்குத் தெரிந்தவர்தான். தினமும் அக்காவிடம் மோர் வாங்கிக் குடிக்கிறவர்.

அன்று கார்டு தனியாக வரவில்லை. ரேஞ்சர் ஒரு மட்டக் குதிரையில் முன்னால் வந்தார். எல்லைக் கற்களுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தாயிற்றா என்று பார்க்கக் கிளம்பியிருந்தார். வெள்ளைக் கல்லின் மேல் பச்சைப் பொட்டலம் இருப்பதைக் கண்டு குதிரையை நிறுத்தினார்.

"இது என்ன?"

கார்டு ஒரு அடி பின்வாங்கினார். வயலிலிருந்து மாமா சந்தோஷமாக ஓடிவந்தார். கார்டு ரேஞ்சரின் முதுகுக்குப் பின்னால் நின்று, வாயை மூடு என்று கையால் ஜாடை காட்டினார். மாமா அதைக் கும்பிடு என்று எடுத்துக்கொண்டு அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

"அது ஐயாவோட பங்குங்க," என்றார்.

ரேஞ்சர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மெலிந்த உடம்பு, மரியாதையான பேச்சு. குதிரையிலிருந்து இறங்கி, பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு லைனைப் பார்த்தார், இழுத்த தடத்தைப் பார்த்தார், தடத்தோடு நடந்து மரத்தடியில் உறைந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு மாமாவிடம் திரும்பினார்.

"மிருகம் எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்தது உமக்குத் தெரியும்."

"தெரியுங்க ஐயா. தெரிஞ்சதாலதான் பங்கு வச்சேன்."

"எல்லை தெரியாது என்று சொல்லியிருந்தால் எச்சரித்துவிட்டுப் போயிருப்பேன்," என்றார் ரேஞ்சர். அவர் குரலில் கோபம் இல்லை. ஒருவேளை வருத்தம் இருந்திருக்கலாம். துப்பாக்கியை எடுத்துவரச் சொன்னார். விசாரணை முடியும்வரை அது ரேஞ்ச் ஆபீசில் இருக்கும் என்றார். கார்டு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் குதிரைக்குப் பின்னால் போனார். அக்கா சுருக்குப் பையோடு வரப்பில் நின்றிருந்தாள். கேப்பு அவளிடமே இருந்தது.

விசாரணை வரைக்கும் இடையில் இருந்த நாட்களில் அக்காவும் மாமாவும் முறைபோட்டுப் பரணில் தகரம் தட்டினார்கள். முதல் இரண்டு இரவுகள் மிருகங்கள் பயந்தன. பிறகு பழகிவிட்டன. அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, லைனை ஒட்டிய கேழ்வரகில் ஜமுக்காளம் விரித்த அளவுக்கு மொட்டையான இடங்கள் தெரிந்தன. அக்காவின் குரல் கட்டியிருந்தது.

"உன் பேப்பர்ல ரெண்டு வரி எழுதக் கூடாதாடா?"

"இன்னான்னு எழுத?"

"என் வூட்டுக்காரரு யோக்கியன்னு எழுது."

அதைப் போடுகிற பத்திரிகை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பதில் வேலூரில் ஒரு வக்கீலிடம் காட்டு விதிகளை வாங்கிப் படித்துக்கொண்டு வந்திருந்தேன். படித்ததை மாமாவிடம் சொன்னேன். எல்லாம் ஒரே கேள்வியில் நின்றது: மான் எங்கே செத்தது? பட்டாவில் பட்ட குண்டால் சாகும் மிருகம் ஓடிப்போய் ரிசர்வில் விழுந்து, ஆள் போவதற்குள் செத்திருந்தால், அது பட்டாவில் நடந்த வேட்டை என்று சொல்லிக்கொள்ள இடமிருந்தது. உயிரோடு இருந்ததை ரிசர்வுக்குள் போய்க் கொன்றிருந்தால், அது ரிசர்வில் பர்மிட் இல்லாமல் வேட்டை. லைசென்ஸ் போய்விடும். அதை அருகில் போய்ப் பார்த்தவர் பாய் ஒருவர்தான்.

மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "அப்போ பாய் ஒரு வார்த்த சொன்னா போதும்," என்றார்.

அன்று சாயங்காலமே இருவரும் ஆம்பூருக்கு நடந்தோம். பட்டை மண்டியில் ஆவாரம் பட்டைக் கட்டுகள் கூரைவரைக்கும் அடுக்கியிருந்தன. காய்ந்த பட்டையின் துவர்ப்பு நாக்கில் ஒட்டியது. தெருவுக்கு அப்பால் தோல்களைக் கொடியில் போட்டிருந்தார்கள். மாலை வெயில் அவற்றின் ஊடே மஞ்சளாக வந்து விழுந்தது. பாய் வீட்டு வாசலில் நிக்காஹுக்குக் கட்டிய காகிதத் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார். மாமா குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"நீ போறதுக்கு முன்னாடியே அது செத்துப் போச்சுன்னு ரேஞ்சர்கிட்ட சொல்லிடு பாய். துப்பாக்கி கெடச்சிடும்."

பாய் பட்டைக் கட்டின் பக்கம் திரும்பினார். ஒரு பட்டைத் துண்டை எடுத்து உடைத்தார். அதையே இன்னும் சின்னதாக உடைத்தார்.

"தோஸ்த், இன்னா கேக்கறேன்னு தெரிஞ்சிதான் கேக்கறியா?"

"துப்பாக்கி பாய்."

"துப்பாக்கி சரி. அந்தக் கறிய யாரு சாப்ட்டாங்க? என் தெரு முழுக்க சாப்ட்டுச்சு. மாப்ள வூட்டுக்காரங்க வாலாஜாலேருந்து வந்து சாப்ட்டாங்க. என் சம்பந்தி கைய நக்கிக்கினு, இன்னும் கொஞ்சம் போடுன்னாரு. செத்தத அறுத்துப் போட்டேன்னு நான் சர்க்கார் எதிர்ல சொன்னா, அது மறுநாளே மண்டிக்கு வந்துடும். வெள்ளிக்கெழம எந்த மூஞ்சிய வச்சிக்கினு மசூதிக்குப் போவேன்? என் பொண்ணு அந்த வூட்ல எந்த மூஞ்சிய வச்சிக்கினு சோறு போடும்?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். இது அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சரி பாய். நான் கேக்கல. வுட்டுடு."

"கோவமா?"

"கோவம் இன்னா இருக்குது. மொத்தமா ஊருக்கே ஹராம் போட முடியுமா? நீ டீய குடி."

டீயைக் குடிக்க வேண்டியவர் மாமாதான். அதைச் சொல்லி மூவரும் சிரித்தோம். ஆனால் திரும்பும்போது மாமா மெதுவாக நடந்தார். சுண்ணாம்புக் குழிகள் இருக்கும் தெருவில், வேலை முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர்களில் பழைய பக்கத்துத் தீவுக்காரரும் இருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள்.

விசாரணை காட்டு பங்களாவின் முன்னால் ஒரு புளிய மரத்தடியில் நடந்தது. ரேஞ்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மரத்தில் சாய்த்திருந்தது. கோணி இல்லாமல் பார்க்க அது மெலிந்து போனது போலிருந்தது. பாய் நிக்காஹுக்குத் தைத்த நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கும் மாமாவுக்கும் தெரியும், அதாவது தெரியும் என்று நினைத்திருந்தோம்.

"நீர் அருகில் போனபோது மிருகம் எப்படி இருந்தது?" என்றார் ரேஞ்சர்.

"உசுரோட இருந்துச்சு ஐயா. நல்லா உசுரோட இருந்துச்சு. கண்ண முழிச்சி என்னப் பாத்துது."

மாமா தரையைப் பார்த்தார்.

"பிறகு?"

"பிஸ்மில்லா சொல்லி அறுத்தேன். ரத்தம் பாய்ஞ்சிது. கால உதச்சிது. யார வேணா கேளுங்க, அது சுத்தமான ஹலால்."

"அதை யாரும் கேட்கவில்லை. குண்டு எங்கே பட்டிருந்தது?"

"இடுப்புல. அதால சாவல. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா எழுந்து போயிருந்தாலும் போயிருக்கும்." பாய் ஒரு அடி முன்னால் வந்தார். "கொன்னது நான் ஐயா. இந்தக் கை. துப்பாக்கி லைனத் தாண்டல, கத்தி தாண்டுச்சு. தோஸ்த் அவரு நெலத்துல நின்னு அவரு பயிர மேஞ்சத சுட்டாரு, துப்பாக்கிய பரண்லயே வச்சிட்டாரு. உங்க கார்ட கேளுங்க, எங்கேருந்து எடுத்தாருன்னு. ரிசர்வுல பூந்து ரிசர்வு மானக் கொன்னது நான் ஒருத்தன்தான். துப்பாக்கியப் போய் இன்னாத்துக்குக் கட்டிவச்சிருக்கீங்க?"

ரேஞ்சர் கார்டைப் பார்த்தார். "பரணில் இருந்துதான் எடுத்தேன் ஐயா," என்றார் கார்டு, கேட்பதற்குள்ளாகவே.

புளிய இலை ஒவ்வொன்றாக உதிர்ந்து ரேஞ்சரின் மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஒன்றைத் தட்டிவிடாமல் விரல் நுனியில் நகர்த்தி ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

"நீர் சொல்வதன் பலன் தெரியுமா? உமக்குப் பட்டை பர்மிட் இருக்கிறது."

"தெரியும் ஐயா."

"அது போய்விடும். ரிசர்வுக்குள் கால் வைக்கவும் கூடாது."

"இனிமே கால் வைக்கல."

பாய் அபராதம் கட்டினார். துப்பாக்கியை மாமாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு ரேஞ்சர் எழுந்தார். போகும்போது மாமாவின் பக்கத்தில் நின்று, "இனிமேல் சர்க்காருக்கு எதுவும் வைக்காதீர்," என்றார். அது உத்தரவா, யோசனையா என்று மாமா என்னைக் கேட்டார்.

திரும்பி வரும் வழியில் மாமா துப்பாக்கியைக் கோணியில் சுற்றினார். பாய் ரிசர்வ் பாதையில் வரக் கூடாது என்பதால் பெரிய ரோட்டில் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பிரியும் இடத்தில் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வேணாம் தோஸ்த், பேஜார் பண்ணாத," என்றார் பாய். "உனக்காவ பொய் சொல்ல முடியல. நெஜத்த சொன்னா இன்னா ஆவும்னு ராத்திரில்லாம் யோசன பண்ணேன். அவ்ளோதான்."

அந்தப் பொட்டலத்தை என்ன செய்தாய் என்று அக்கா கார்டைக் கேட்டாள். "பொதைக்கச் சொன்னாங்க, பொதச்சேன்," என்றார் கார்டு. வழக்கம் போல மோருக்குக் கையை நீட்டினார். "கறி தின்ன வயித்துக்கு மோரு ஆவாது, போ," என்றாள் அக்கா. பிறகு கொடுத்தாள்.

பட்டை வியாபாரம் படுத்துவிடும் என்றுதான் நினைத்தேன். ரிசர்வு இல்லாமல் ஆவாரைக்கு எங்கே போவது? அக்கா தன் வரப்புகளில் முளைத்த ஆவாரையை அதுவரை வெட்டி எறிந்துகொண்டிருந்தாள். அந்த வருஷம் வெட்டவில்லை. வரப்பு நெடுக, லைனை ஒட்டி இந்தப் பக்கம், அதை வளரவிட்டாள். மற்றத் தீவுக்காரர்களிடமும் சொன்னாள். பட்டாவில் வளரும் ஆவாரைக்கு யார் பர்மிட்டும் வேண்டாம். முன்பு வந்த வண்டிகளில் பாதிகூட பாய் மண்டிக்கு வரவில்லை, ஆனால் மண்டி மூடவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு மலையின் பாதி உயரத்தில் நின்று பார்த்தேன். கரும்பச்சைக் காட்டின் நடுவே ஒவ்வொரு பட்டா நிலமும் மஞ்சள் பூவால் ஓரம் தைத்தது போலத் தெரிந்தது. அளந்தவர்கள் அடித்த சுண்ணாம்பு அங்கிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லை மஞ்சளாகத் தெரிந்தது.

அந்த வருஷக் கேழ்வரகும் முற்றியது. மறுபடியும் ஒரு விடியல், மறுபடியும் பனி. பாய் பெரிய ரோட்டைச் சுற்றி, யாரோ ஒருவருடைய வயல் வழியே வந்து சேர்ந்திருந்தார். பரணில் எங்களோடு மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார். கொம்பு வந்தது, காது வந்தது. மாமா வெகுநேரம் குறி பார்த்தார். மான் வயலின் நடுவில் நிற்க வேண்டும் என்று காத்திருந்தார். அது நடுவுக்கு வரவில்லை. ஓரத்திலேயே மேய்ந்தது. கடைசியில் வெளிச்சம் வந்துவிடும் என்று சுட்டார்.

மான் துள்ளி ஓடியது. ஆவாரம் பூக்கள் அதன் நெஞ்சில் பட்டுத் தெறித்தன. வெள்ளைக் கல்லைத் தாண்டி, லைனைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் முன்னங்கால்களை மடக்கி விழுந்தது.

பாய் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தார். பழக்கம் அப்படி. கத்தி கையில், செருப்பு ஒன்று வயலில். வெள்ளைக் கல் வந்ததும் யாரோ பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றார். கால் விரல்கள் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தன. மாமா வந்து அவர் பக்கத்தில் நின்றார். நான் மாமாவின் பக்கத்தில். மான் எங்களிடமிருந்து ஒரு வீடு அகல தூரத்தில் கிடந்தது. மூச்சு விடும்போது அதன் மூக்கிலிருந்து ஆவி வந்தது. அது எங்கள் மூவரையும் பார்த்தது.

பாயின் கையில் கத்தி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கறி அவருக்கு ஆகாது, செத்த பிறகு எடுக்க விதியில் இடமிருந்தாலும், இன்னொரு விசாரணைக்கு மாமா துணிய மாட்டார். தோலும் கொம்பும் அங்கேயே கிடக்கும்.

மான் ஒரு முன்னங்காலை நீட்டியது. பிறகு இன்னொன்றை. பின்பக்கம் ஒரு முறை சரிந்தது, மறுபடியும் நிமிர்ந்தது. எழுந்து நின்று உடம்பை ஒரு முறை சிலிர்த்தது. காதில் ஒரு மஞ்சள் பூ ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவசரம் இல்லாமல், லேசாக நொண்டிக்கொண்டு, மரங்களுக்குள் நடந்து போயிற்று. பனி அதன் கால்களை முதலில் மறைத்தது, கொம்பைக் கடைசியாக.

பாய் கத்தியை உறையில் போட்டார்.

"போன வருஷமே இப்டி எழுந்து போயிருக்கக் கூடாதா, பாவி," என்றார்.

மாமா சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை அடக்க முடியாமல் வெள்ளைக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடம் சர்க்காருடையது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு நினைவு வந்தது. எழுந்து, வேட்டியில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, செருப்பைத் தேட பாயோடு வயலுக்குள் திரும்பி நடந்தார்.